வாய்க்காலில் வாயு, வரப்பில் மின்சாரம்: ஃப்யூவல் செல்லின் கிராஃபைட் தட்டு

"அண்ணா, கரண்ட் போவுது. பீப் வருது பாருங்க."

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை மேஜையில், ஒரு கறுப்புத் தட்டின் மேல் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துக்கொண்டு கல்லூரி மாணவர் ஒருவர் சொன்னது இது. கூட வந்தவர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். இறுதியாண்டு புராஜெக்டுக்கு, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃப்யூவல் செல் செய்கிறார்கள். அதற்கான தட்டை அவர்கள் கொடுத்த வரைபடப்படி வெட்டிக் கொடுத்தது நாங்கள். மின்பொறியால் உலோகத்தை அரித்து வெட்டும் இடிஎம் மெஷினுக்கு எலக்ட்ரோடு செய்ய வாங்கியதில் மிச்சமிருந்த கிராஃபைட் கட்டியையே எடுத்து வெட்டினோம். அளவு சரி, பீப் சத்தமும் வந்தது, பில் போட்டாயிற்று. மூன்று வாரம் கழித்துத் தட்டு திரும்பி வந்தது.

அது ஏன் திரும்பி வந்தது என்று தேடிப் போனதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை. ஃப்யூவல் செல் பற்றி இப்போது பேச்சுக்குக் குறைவில்லை. 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் வைத்து இஸ்ரோ ஒரு ஃப்யூவல் செல்லை விண்வெளியில் சோதித்தது. 180 வாட் கிடைத்தது என்றார்கள். அடுத்த மாதமே, கொச்சியில் கட்டிய ஹைட்ரஜன் படகை தூத்துக்குடி விழாவில் பிரதமர் தொடங்கிவைத்தார். இந்தப் பேச்சு எல்லாம் ஹைட்ரஜனைச் சுற்றியே நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் தட்டைப் பற்றிக் கேட்டால், "கிராஃபைட்தாங்க கரண்ட் தயாரிக்குது" என்பார் ஒருவர், "அது சும்மா மூடி" என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை.

## தண்ணீரில் ஓடுகிறதா?

மூலிகை பெட்ரோல் கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். 'தண்ணீரில் ஓடும் கார்' என்றால் ஒன்று கைதட்டுவோம், இல்லையென்றால் சிரிப்போம். ஃப்யூவல் செல் வண்டி தண்ணீரில் ஓடுவதில்லை. அது ஹைட்ரஜனில் ஓடுகிறது. தண்ணீர் அதன் கழிவு.

பெயரில் 'ஃப்யூவல்', தமிழில் 'எரிபொருள் மின்கலம்' என்று இருந்தாலும் அதற்குள் எதுவும் எரிவதில்லை. நம் பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவி எடுத்து, டர்பைனைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். ஃப்யூவல் செல்லில் தீ கிடையாது, சுற்றும் பாகமும் கிடையாது. ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேதிவினையில் சேரும்போதே மின்சாரம் நேராகக் கிடைக்கிறது.

அப்படியானால் பேட்டரிதானே என்றால், பாதி சரி. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டபின் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி முதல் நாளே படுத்துவிட்டது. டீசல் ஊற்றியவரை ஜெனரேட்டர் ஓடியது. உள்ளே இருக்கும் சரக்கு தீர்ந்ததும் நின்றுவிடுவது பேட்டரி. வெளியிலிருந்து ஊட்ட ஊட்ட ஓடிக்கொண்டிருப்பது ஜெனரேட்டர். ஃப்யூவல் செல் வேலை செய்யும் விதத்தில் பேட்டரி, சாப்பிடும் விதத்தில் ஜெனரேட்டர்.

## ரயில்வே கேட் மாதிரி ஒரு சவ்வு

செல்லின் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. அதற்குச் சவ்வு என்று பெயர். ஒரு பக்கம் ஹைட்ரஜன் வருகிறது, மறுபக்கம் காற்று வருகிறது. சவ்வின் இரண்டு முகத்திலும் பிளாட்டினத் துகள் பூசியிருப்பார்கள். தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்திவிடும் இப்படிப்பட்ட பொருள்தான் வினையூக்கி.

பிளாட்டினத்தின் மேல் வந்து உட்காரும் ஹைட்ரஜன் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேர்மின் உள்ள புரோட்டான், மற்றது எதிர்மின் உள்ள எலக்ட்ரான். புரோட்டானைச் சவ்வு தன் வழியாக விடும், எலக்ட்ரானை விடாது. கடலூர் சாலையில் ரயில்வே கேட் போட்டால் என்ன நடக்கும்? நடந்து வருபவர் குனிந்து புகுந்து போய்விடுவார். பைக்காரர் ஊரைச் சுற்றித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். எலக்ட்ரான் அந்தப் பைக்காரர். அது சுற்றி வரும் வழியில் மோட்டாரையும் விளக்கையும் வைத்து வேலை வாங்கிக்கொள்கிறோம். மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் புரோட்டான், எலக்ட்ரான், ஆக்சிஜன் மூன்றும் கூடித் தண்ணீராகின்றன. செல் சுமார் 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். நல்ல சூடான காப்பியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

ஆக, மின்சாரம் பிறப்பது சவ்வின் முகத்தில். கிராஃபைட் தட்டில் இல்லை.

## தட்டு எங்கே வருகிறது: பொதுச்சுவர்

ஒரு செல்லிலிருந்து வேலை நேரத்தில் கிடைப்பது 0.6, 0.7 வோல்ட். டார்ச் கட்டையின் பாதிகூட இல்லை. அதனால் டார்ச்சில் கட்டைகளைப் போடுவது மாதிரியே செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். 48 வோல்ட் வேண்டுமென்றால் ஏறக்குறைய 75 செல். இந்த மொத்தத்துக்கு அடுக்கு என்று பெயர்.

இரண்டு செல்லுக்கு நடுவில் ஒரு தட்டு. நம் ஊர் வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர் இருப்பது மாதிரி, தட்டின் ஒரு முகம் கீழ்ச் செல்லின் ஹைட்ரஜன் அறைக்குச் சுவர், மறு முகம் மேல்செல்லின் காற்று அறைக்குச் சுவர். ஒரு முகம் எதிர்முனை, மறு முகம் நேர்முனை. அதனால்தான் இருமுனைத் தட்டு என்கிறார்கள்.

பொதுச்சுவர் என்றாலே தகராறுதான். இந்தச் சுவர் ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் வேலை செய்ய வேண்டும். இந்த வீட்டு எலக்ட்ரான் தாராளமாக அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இந்த வீட்டு ஹைட்ரஜன் ஒரு மூச்சுகூட அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. மின்சாரத்துக்குத் திறந்த கதவு, வாயுவுக்குப் பூட்டிய கதவு. தட்டு செய்வதில் உள்ள எல்லாத் தலைவலியும் இந்த ஒரு முரணிலிருந்து வருகிறது.

## வாய்க்காலும் வரப்பும்

தட்டைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அதன் முகத்தில் ஓடும் கோடுகள். அகலம் ஏறக்குறைய 1 மி.மீ., ஆழமும் அதே அளவு. பாகூர் பக்கத்து வயலை மேலிருந்து பார்ப்பது மாதிரி இருக்கும். பள்ளமாக ஓடுவது வாய்க்கால், இரண்டு வாய்க்காலுக்கு நடுவில் மேடாக நிற்பது வரப்பு.

வாய்க்கால் வழியே வாயு ஓடுகிறது. வயலுக்குத் தண்ணீர் பரவுவது போலச் சவ்வின் எல்லா மூலைக்கும் ஹைட்ரஜனோ காற்றோ போய்ச் சேர வேண்டும். கடைமடை காய்ந்தால் அந்த இடத்தில் மின்சாரம் பிறக்காது. வரப்பின் தலை மட்டும்தான் செல்லைத் தொடுகிறது. வரப்பின் மேல் ஆள் நடப்பது மாதிரி, எலக்ட்ரான் வரப்பு வழியாகத்தான் தட்டுக்குள் இறங்குகிறது. வரப்பை அகலமாக்கினால் மின்சாரத்துக்கு வசதி, ஆனால் வாய்க்கால் குறுகும். வாய்க்காலை அகலமாக்கினால் வாயுவுக்கு வசதி, எலக்ட்ரானுக்கு நெருக்கடி. எந்த விவசாயியிடம் கேட்டாலும் இந்தச் சண்டை புரியும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றுப் பக்கத்தில் பிறக்கும் தண்ணீரும் இதே வாய்க்கால் வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு சொட்டு வழியில் தேங்கினால் அதற்குப் பின்னால் உள்ள பகுதி பட்டினி. அதனால் சில வடிவமைப்புகளில் வாய்க்காலைப் பல கிளையாகப் பிரிக்காமல், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் ஒரே நீண்ட கோடாக வெட்டுகிறார்கள். சொட்டு ஒதுங்க வேறு வழி இல்லை, பின்னால் வரும் காற்று தள்ளிக்கொண்டே போய்விடும். பெரிய அடுக்குகளில் சூட்டைத் தணிக்கத் தட்டின் வயிற்றுக்குள்ளேயே மூன்றாவதாகத் தண்ணீர் வாய்க்கால் ஒன்றும் ஓடும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: மின்சாரம் சவ்வில் பிறக்கிறது, தட்டு அதை அடுத்த செல்லுக்குக் கடத்துகிறது, வாயுவைப் பங்கிடுகிறது, இரண்டு வாயுவும் கலக்காமல் காவல் காக்கிறது.

## கிராஃபைட் எதற்கு?

இரும்புத் தகடு போதாதா? கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய கடலூரில், கடலோரம் வீடு இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஜன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்குகிறது? செல்லுக்குள் இருப்பது அதைவிட மோசமான சூழல். சூடு, ஈரம், கொஞ்சம் அமிலம், அதோடு மின்னழுத்தமும். சாதாரண இரும்பு அரித்துக் கரையும். கரைந்த இரும்பு சவ்வுக்குள் புகுந்து அதையும் கெடுக்கும். கிராஃபைட் துருப்பிடிக்காது, மின்சாரமும் கடத்தும்.

கிராஃபைட் என்றால் பென்சிலுக்குள் இருக்கும் அதே பொருள். அதை 'காரீயம்' என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. காரீயம் ஓர் உலோகம், பென்சிலில் அது இல்லை. கிராஃபைட் சுத்தமான கரி அணுக்களால் ஆனது. வெற்றிலைக் கவுளி மாதிரி ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் பென்சில் எழுதுகிறது. ஏட்டோடு ஏடாகப் போகும்போது மின்சாரம் சுலபமாக ஓடும், ஒரு ஏட்டிலிருந்து அடுத்த ஏட்டுக்குத் தாண்டுவதுதான் சிரமம். நமக்கோ தட்டின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்கு, அதாவது ஏடுகளைத் தாண்டித்தான் மின்சாரம் போயாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சோதனையில் மறுபடி வரும்.

"நெய்வேலிக் கரியிலிருந்து எடுக்கலாமா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். ஆசை நியாயம்தான், ஆனால் வழக்கம் அதுவல்ல. பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கோக்கையும் நிலக்கரித் தாரின் கெட்டிப் பாகத்தையும் கலந்து, அச்சில் அழுத்தி, சுட்டு, கடைசியில் 3,000 டிகிரியை நெருங்கும் சூட்டில் வைத்துச் செயற்கை கிராஃபைட் எடுக்கிறார்கள். மண்ணிலிருந்தும் கிடைக்கும். சிவகங்கையில் தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் எடுப்பது அப்படிப்பட்ட செதில் கிராஃபைட்.

உலோகத் தட்டுகளும் உண்டு. டொயோட்டாவின் மிராய் காரில் கரிப்பூச்சு போட்ட டைட்டானியம் தகடு. தகட்டைக் காகிதம் போல மெல்லிசாக அச்சில் அடிக்கலாம் என்பதால் இடம் குறைந்த காருக்கு அது தோது. கிராஃபைட் தடிமன் கூடுதல், கீழே போட்டால் உடையும், ஆனால் நெடுநாள் உழைக்கும்.

## வெட்டுவது ஒரு வழி, உருண்டை பிடிப்பது இன்னொரு வழி

எங்களுக்குத் தெரிந்தது வெட்டுவது. கிராஃபைட் கட்டியை அறுத்து, சமப்படுத்தி, கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷினில் 1 மி.மீ. எண்ட் மில் என்ற வெட்டும் டூலைப் போட்டு வாய்க்கால் எடுப்போம். இரும்பை வெட்டினால் சுருள் விழும், கிராஃபைட்டை வெட்டினால் மாவு பறக்கும். அந்த மாவு மின்சாரம் கடத்தும் என்பதால் மெஷினின் எலக்ட்ரிகல் பேனலுக்குள் புகுந்தால் பெரிய செலவு. டூலுக்குப் பக்கத்திலேயே வேக்குவம் குழாயைக் கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். மூக்குக்கு முகக்கவசம். கூலண்ட் எண்ணெய் ஊற்ற மாட்டோம், கிராஃபைட் குடித்துவிடும். கிராஃபைட் மிருது என்று நினைப்பார்கள், ஆனால் அந்த மாவு டூலின் முனையை உப்புத்தாள் மாதிரித் தேய்த்துவிடும். டூல் மழுங்கினால் வரப்பின் ஓரம் பிஸ்கட் மாதிரி உதிரும்.

'கிராஃபைட் குடித்துவிடும்' என்றேன் அல்லவா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. மண்பானை கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகக் கசிந்துதான் தண்ணீரைக் குளிர வைக்கிறது. கிராஃபைட் கட்டியும் அப்படியே. சுட்டெடுக்கும்போது உள்ளே நுண்ணிய துளைகள் நின்றுவிடுகின்றன. எலக்ட்ரோடு செய்ய அது பரவாயில்லை. ஃப்யூவல் செல்லுக்கு ஆகாது. உலகத்திலேயே சிறிய மூலக்கூறு ஹைட்ரஜன், அதற்கு அந்தத் துளைகள் ராஜபாட்டை.

அதனால் துளைகளில் ரெசினை ஏற்றி அடைக்கிறார்கள். ரெசின் என்பது சூட்டில் கெட்டியாகி மீண்டும் உருகாத பிசின். குலாப் ஜாமூன் ஜீராவில் ஊறுவது மாதிரிதான், ஆனால் சும்மா ஊறப்போட்டால் உள்ளே போகாது. தட்டை மூடிய பாத்திரத்தில் வைத்து முதலில் வேக்குவம் போட்டுத் துளைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். அப்புறம் ரெசினை விட்டு அழுத்தம் கொடுத்து உள்ளே தள்ளி, பிறகு சூடேற்றிக் கெட்டியாக்குவார்கள்.

ஆயிரக்கணக்கில் வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக வெட்டிக் கட்டுப்படியாகாது. அப்போது உருண்டை பிடிக்கும் வழி. கிராஃபைட் தூளையும் ரெசினையும் கலந்து, வாய்க்கால் பதித்த சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு முழுதாக வெளியே வரும். இதில் சூட்சுமம் முழுக்கக் கலவையில். விருத்தாசலம் பக்கத்துக் கடலையில் கடலை உருண்டை பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாகு குறைந்தால் உருண்டை உதிரும். பாகு கூடினால் உருண்டை கெட்டி, பளபளப்பு, ஆனால் கடலைக்கும் கடலைக்கும் நடுவில் வெல்லம் நின்றுவிடும். இங்கே கடலை கிராஃபைட், பாகு ரெசின். ரெசின் மின்சாரம் கடத்தாது. ஒரு துகள் இன்னொன்றைத் தொட்டுக்கொண்டே முகத்திலிருந்து முகம்வரை சங்கிலியாக நின்றால்தான் மின்சாரம் தாண்டும். அதனால் எடையில் முக்கால் பங்குக்கு மேல் கிராஃபைட்டாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அச்சிலிருந்து வரும் தட்டின் மேல் ரெசின் மெல்லிய தோலாகப் படிந்திருக்கும். அழகான மினுமினுப்பு, ஆனால் மின்சாரத்துக்குத் தடை. லேசாகத் தேய்த்து எடுத்துவிடுவார்கள்.

சுருக்கமாக, கட்டியை வெட்டினால் துளையை அடைக்க வேண்டும், தூளை அழுத்தினால் பாகுபதம் தவறக் கூடாது. இரண்டிலும் ரெசின் வாயுவைத் தடுக்கிறது, கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்துகிறது.

## பீப் சத்தம் ஏன் எதையும் சொல்லாது

இனி அந்த மல்டிமீட்டருக்கு வருகிறேன். 100 சதுர செ.மீ. பரப்பும் 2 மி.மீ. தடிமனும் உள்ள நல்ல தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகத்திலிருந்து முகத்துக்கு அதன் மின்தடை, ஓர் ஓமை 50,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவில் இருக்கும். மல்டிமீட்டரின் இரண்டு ஒயருக்கு மட்டுமே தடை சுமார் 0.2 ஓம், அதாவது தட்டைப் போலப் பத்தாயிரம் மடங்கு. நெல் மூட்டை ஏற்றிய லாரியை எடை மேடையில் நிறுத்தி, மேலே வைத்த ஒரு கைப்பிடி நெல் நல்ல எடையா என்று கேட்பது மாதிரி. நல்ல தட்டுக்கும் பீப் வரும், மட்டமான தட்டுக்கும் அதே பீப் வரும்.

அதனால் நான்கு ஒயர் வைத்து அளக்கிறார்கள். இரண்டு ஒயர் மின்சாரத்தைச் செலுத்தும். தனியாக இன்னும் இரண்டு ஒயர் வோல்ட்டை மட்டும் பார்க்கும். பார்க்கிற ஒயரில் மின்சாரம் ஏறக்குறைய ஓடாததால் அதன் சொந்தத் தடை கணக்கில் வராது.

அதோடும் முடியவில்லை. தட்டுக்குள் ஓடும்போது இழப்பதைவிட, தட்டும் செல்லும் தொடும் இடத்தில் மின்சாரம் அதிகம் இழக்கலாம். அந்த இழப்புக்குத் தொடு மின்தடை என்று பெயர். இரண்டு முகமும் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் மேடு மேட்டைத்தான் தொடும். அழுத்தினால் தொடும் இடம் கூடும், தடை குறையும். எனவே செல்லுக்குள் சவ்வுக்கும் தட்டுக்கும் நடுவில் இருக்கும் அதே கரி இழைத் தாளைத் தட்டின் இரு பக்கமும் வைத்து, தங்க முலாம் பூசிய செப்புக் கட்டைகளுக்கு நடுவில் பிடித்து, சதுர செ.மீ.க்கு சுமார் 14 கிலோ அழுத்தத்தில் அளப்பது வழக்கம். வெற்றிலைக் கவுளியைக் குறுக்கே தாண்டும் இழப்பும், ரெசின் தோலின் இழப்பும் இங்கே வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஒரு தட்டில் 10 மில்லிவோல்ட் இழந்தால் யாருக்கும் தெரியாது. 75 தட்டில் அது முக்கால் வோல்ட். 100 ஆம்பியர் ஓடும்போது 75 வாட். ஒரு செல் மொத்தமாகச் சம்பாதிப்பதே 65 வாட்தான். சம்பாதிக்கிற ஒரு பிள்ளையின் சம்பளம் முழுக்கச் சூடாகப் போய்விடுகிறது, அதற்கு மேலும் கடன்.

மற்ற சோதனைகள் நேரடியானவை. மைக்ரோமீட்டரால் பல இடத்தில் தடிமன் பார்ப்பது, ஏனென்றால் தட்டுக்கு 0.02 மி.மீ. ஒரே பக்கம் சாய்ந்தாலும் 75 அடுக்கியதும் 1.5 மி.மீ. கோணல். இரண்டு தாங்கி மேல் வைத்து நடுவில் அழுத்தி எப்போது உடைகிறது என்று பார்ப்பது. அமிலத்தில் மின்னழுத்தம் கொடுத்து வைத்து அரிக்கிறதா என்று பார்ப்பது. எங்களைப் பிடித்தது இவை எதுவும் இல்லை, பஞ்சர் கடைச் சோதனைதான்.

## தொட்டியில் வந்த குமிழி

திரும்பி வந்த மாணவர்கள் சொன்னது இதுதான்: வோல்ட் மேலே ஏறவே இல்லை, செல் ஒரு பக்கம் சூடாகிறது. முதலில் கேஸ்கட்டைச் சந்தேகப்பட்டோம். ஓரத்தில் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம் அது. புதிது போட்டும் அதே கதை.

அப்புறம் தட்டை இரண்டு அக்ரிலிக் பலகைகளுக்கு நடுவில் போல்ட் போட்டு இறுக்கினோம். ஹைட்ரஜன் பக்கத்து வாய்க்காலுக்குள் கம்ப்ரசர் காற்றை அரை பார் அழுத்தத்தில் விட்டோம். மறுபக்கத்தைத் திறந்த நிலையில் தண்ணீர்த் தொட்டியில் முக்கினோம். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பெரிய இடங்களில் ஹீலியம் விட்டு, கசிவை மோப்பம் பிடிக்கும் கருவியால் இன்னும் நுட்பமாகப் பார்ப்பார்கள். சுத்த ஹைட்ரஜனை வைத்துப் பொதுவாக இந்த விளையாட்டு விளையாடுவதில்லை. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது தீப்பிடிக்கும்.

ஓரத்தில் ஒரு குமிழிகூட இல்லை. நடு முகத்தில், வாய்க்காலின் அடிமட்டம் முழுக்க, சோடாவை ஊற்றிய மாதிரிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. 3 மி.மீ. தட்டில் இரு பக்கமும் 1 மி.மீ. ஆழம் வெட்டியதால் நடுவில் மிச்சம் 1 மி.மீ. சுவர். அதுவும் ரெசின் ஏற்றாத எலக்ட்ரோடு கிராஃபைட். மண்பானையைப் பொதுச்சுவராக வைத்திருக்கிறோம். ஹைட்ரஜன் அதைத் தாண்டிப் போய் மறுபக்கத்துப் பிளாட்டினத்தின் மேலேயே ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கிறது. ஊரைச் சுற்ற வேண்டிய எலக்ட்ரான் சுற்றவே இல்லை, மிஞ்சியது சூடு மட்டும். வெட்டியதில் பிழையில்லை, எந்தக் கிராஃபைட் என்று கேட்காமல் வெட்டியது என் பிழை.

ரெசின் ஏற்றிய பலகையைச் சென்னையிலிருந்து வரவழைத்து, கூலி வாங்காமல் மறுபடி வெட்டிக் கொடுத்தோம். அதே தொட்டி, அதே அழுத்தம், கையில் கடிகாரம். பத்து நிமிடம் மூன்று பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு குமிழிகூட வரவில்லை. தட்டைத் துடைத்துக் கொடுத்ததும் அந்த மாணவர் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார்.

"எதுக்கும் ஒருவாட்டி பீப் பாத்துடறேன் அண்ணா."